பம்ப்செட் மேனுவல் எழுத டிடா: பல வருஷம் புழங்கியதில் தெரிந்தது

மன்னார்குடியில் இருந்துகொண்டு கோயம்புத்தூர் கம்பெனிகளுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர், பம்ப் கன்ட்ரோலர் மேனுவல்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுக்கிறேன். முதலில் எல்லாமே வேர்டு ஃபைல்தான். டிடாவுக்கு (DITA) மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. டெக்னிக்கல் ரைட்டிங்கில் இருப்பவர்கள், அதுவும் தமிழில் எழுத வேண்டியவர்கள், மாறலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

டிடா ஒரு சாஃப்ட்வேர் இல்லை, எக்ஸ்எம்எல்லில், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் டேக் போட்டு எழுதும் ஃபைல் முறையில், எழுதுவதற்கான ஒரு தரநிலை. ஐபிஎம் உருவாக்கியது, 2005-ல் ஓயாசிஸ் அமைப்பு அதைத் தரநிலையாக ஏற்றது. நான் எழுதுவது 2015-ல் வந்த 1.3 பதிப்பில். மேனுவலை ஒரே நீள ஃபைலாக எழுதாமல் சின்னச் சின்ன டாபிக்காக எழுதி, மேப் என்ற ஃபைலில் வரிசைப்படுத்த வேண்டும். விளக்கத்துக்கு கான்செப்ட் என்ற டாபிக் வகை, செய்முறைக்கு டாஸ்க், அட்டவணைக்கு ரெஃபரன்ஸ்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது டாஸ்க். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் 'இதைச் செய்யுங்கள்' என்ற கட்டளை கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் குறிப்போ எச்சரிக்கையோ மட்டும்தான் வரலாம். விளக்கமும் பலனும் பின்னால்தான். மாற்றி வைத்தால் எடிட்டர் உடனே சிவப்புக் கோடு போடும். இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சித்தப்பா வீட்டில் பார்த்தேன். குறுவை நாற்றங்காலுக்காகப் புது ஸ்டார்ட்டர் வாங்கியிருந்தார், கூட வந்த தாளைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இங்க பாருடா தம்பி, மூடியைத் திறக்கச் சொல்லிட்டு, மெயினை ஆஃப் பண்ணச் சொல்றதை அடுத்த பக்கத்துல போட்டிருக்கான். படிச்சுக்கிட்டே செய்யிறவன் என்ன ஆவான்?" அவர் கேட்டது ரொம்பச் சரி. வயல் மேட்டில் நிற்பவர் முழுத் தாளையும் படித்துவிட்டு வேலையைத் தொடங்க மாட்டார். ஆனால் எச்சரிக்கை எந்த இடத்தில் வரலாம் என்றுதான் டிடா சொல்லும், எழுத மறந்தால் கேட்காது. அது நம் பொறுப்பு.

அடுத்தது கான்ரெஃப். ஒரு பத்தியை ஒரே இடத்தில் எழுதி வைத்து, வேண்டிய மேனுவல்களில் எல்லாம் அதை இழுத்துக்கொள்ளலாம். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், போர்வெல்லை நம்பி நாற்று விடுகிறவர்கள் இங்கே நிறைய. நீர்மட்டம் கீழே போன நேரத்தில் சப்மர்சிபிள் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறி உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும். அதனால் டிரை ரன் எச்சரிக்கை எல்லா மாடல் மேனுவலிலும் இருந்தே ஆக வேண்டும். வேர்டில் இருந்தபோது இன்ஜினியர் அதில் ஒரு வரி மாற்றினால், ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து தேட வேண்டும். இப்போது ஒரு ஃபைலைத் திருத்தி பில்டு ஓட்டினால், அதாவது மேனுவல்களைத் திரும்ப உருவாக்கினால், போதும், எந்த மேனுவலிலும் பழைய வரி தங்காது.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். ஆங்கிலத்தில் பொருளின் பெயரை மட்டும் கீ என்ற வேரியபிளில் வைத்து, வாக்கியத்துக்குள் செருகிவிடுவார்கள். நமக்கு அது ஒத்துவராது. வேற்றுமை உருபு சேரும்போது 'கன்ட்ரோலரை', 'கன்ட்ரோலருக்கு' என்று ஆகிவிடும். கீயைப் போட்டு உருபைத் தனியே ஒட்டினால் 'கன்ட்ரோலர்ஐ' என்று அச்சாகும். ஆகவே தமிழில் சொல்லை மறுபயன் செய்யாதீர்கள், முழு வாக்கியத்தை, முடிந்தால் முழு ஸ்டெப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண்ணுக்கு மட்டும் கீ போதும். 'மாடல் எண்:' என்று எழுதி அதன் பின்னால் வைத்தால் உருபுத் தொல்லை இல்லை.

அப்புறம் பிடிஎஃப். எச்டிஎம்எல்லில், அதாவது வெப் பக்கமாக எடுத்தால், தமிழ் அழகாக வந்துவிடும், பிரௌசர் பார்த்துக்கொள்ளும். பிடிஎஃப் ஆக்கும்போது ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது எச்டிஎம்எல்லாக எடுத்து, அதற்கு ஸ்டைல் போட்டு, பிரௌசரிலிருந்தே பிடிஎஃப் ஆக்குகிறேன். பக்க எண்ணுள்ள பொருளடக்கம் வேண்டும் என்றால் இந்த வழியில் கஷ்டம்தான், ஆனால் எழுத்து உடையாது.

செலவு பெரிதில்லை. டிடா ஃபைல்களை எச்டிஎம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் ஆக்கித் தரும் டிடா ஓப்பன் டூல்கிட் இலவசம், ஜாவா மட்டும் வேண்டும். நல்ல எக்ஸ்எம்எல் எடிட்டருக்குக் காசு கொடுக்க வேண்டும்; விஎஸ் கோடு (VS Code) என்ற பொது எடிட்டரிலும் எழுதலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஃபைல்களை, திருத்த வரலாற்றைச் சேர்த்து வைக்கும் கிட் (Git) என்ற சாஃப்ட்வேரில் வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நெட் போனாலும் மொத்த வரலாறும் லேப்டாப்பிலேயே இருக்கிறது. திருத்தத்தைப் பதிந்து வைத்துவிட்டு, நெட் வந்ததும் அனுப்பலாம். டெல்டாவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

எனக்கு இன்னும் தீராத தலைவலி ரிவ்யூதான். இன்ஜினியர்களுக்கு வேர்டு ஃபைல்தான் கை வாகு. பிடிஎஃப்பில் குறிப்புப் போட்டு அனுப்புவதை நான் ஒவ்வொன்றாக எக்ஸ்எம்எல்லில் ஏற்றுகிறேன். ஒரே மாடல், ஒரே மொழி, நாலு பக்கத் தாள் என்றால் டிடா வேண்டாம், சாதாரண எழுத்தில் சில எளிய குறிகள் போட்டு எழுதும் மார்க்டவுனே போதும். மாடல்கள் பெருகி, ஒரே எச்சரிக்கையை அங்கங்கே காப்பி அடிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் மாறிவிடுங்கள். மாறும்போது பழையதை எல்லாம் ஒரேயடியாக மாற்றக் கிளம்பாமல், எல்லா மேனுவலுக்கும் பொதுவான எச்சரிக்கைகளை முதலில் ஒரு ஃபைலில் சேருங்கள்.