நன்கொடை எதற்கு: கதைப் புத்தகத்துக்கா, சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கா?

ஏழைப் பிள்ளைகள் வாசிக்கப் பழக உதவ வேண்டும் என்று நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகள்தான் நிற்கும்.

புத்தக வழியில் இருப்பது 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற பதிப்பகம். பல இந்திய மொழிகளில் விலை குறைந்த படக்கதைகள். 2015 முதல் அதன் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் கதைகள் இலவசம். யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். ஒரு கதைக்குப் போட்ட காசு தமிழிலும் ஒடியாவிலும் திரும்பத் திரும்ப வேலை செய்யும். இது லேசான விஷயம் இல்லை.

ஆனால் எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைக்கு அது வெறும் படம்தான். அங்கேதான் 1995-ல் மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வருகிறது. எந்த வகுப்பு என்று பார்ப்பதில்லை. எழுத்து தெரிகிறதா, சொல்லா, பத்தியா, கதையா என்று சோதித்து, அந்த நிலைப்படி குழு பிரித்துக் கற்பிக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் பல மாநிலங்களில் இந்த முறையை ஆராய்ந்து, பலன் உண்டு என்று கண்டார்கள். ஒரே சிக்கல், செலவெல்லாம் ஆளுக்கு. பணம் நின்றால் வகுப்பும் நின்றுவிடும்.

கையில் ஒரே ஒரு தொகைதான் என்றால், என் காசு முதலில் சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கு. நல்ல ஆசிரியர் இருந்தும் அலமாரி காலியாகக் கிடக்கும் ஊரா? சரி, அங்கே புத்தகம்.