வவுனியாவில் பிலிம் கமராவுக்குச் சிறு திருத்தம்: ஒரு மணிக்கூட்டுக் கடையின் வேலை

வவுனியா கடைத்தெருவில் மணிக்கூடு திருத்தும் சிறிய கடையொன்றில் பிலிம் கமராக்களின் சில்லறைப் பழுதுகளையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். பெயர்ப்பலகையில் கமரா என்ற சொல்லே இல்லாததால், வன்னியில் பழைய கமரா வைத்திருக்கும் பலருக்கு இது தெரியாது. கொழும்புக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று எண்ணி, அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் தயங்கி, கமராவை அலுமாரிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அவர்களை மனதில் கொண்டே இந்தக் கடையின் வேலையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் கொண்டுசென்றது என் பெரியப்பா பயன்படுத்திய பென்டக்ஸ் கே1000. 1976இல் வெளிவந்து 1997 வரை உற்பத்தியில் இருந்த இந்தக் கமராவில், பிலிமில் ஒளி விழும் நேரத்துக்கு மட்டும் திறந்து மூடும் சீலைத்திரையான ஷட்டர் முழுவதும் சுருள்வில்லாலும் பற்சில்லுகளாலும் இயங்குகிறது. பற்றரி, வெளிச்சத்தை அளந்து முள்ளால் காட்டும் ஒளிமானிக்கு மட்டுமே தேவை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குள் வரக்கூடாத பொருட்களுள் பற்றரியும் ஒன்றாக இருந்ததை நினைத்தால், 1 விநாடி முதல் 1/1000 விநாடி வரை எல்லா வேகங்களிலும் பற்றரியே இல்லாமல் படமெடுக்கும் கமராவின் பெறுமதி விளங்கும். ஆனால் என் கையில் வந்தபோது அதன் பின்கதவோரத்தால் ஒளி கசிந்து படங்களில் செம்மஞ்சள் கோடு விழுந்தது. ஒளிமானியின் முள் அசையவில்லை. மெதுவான வேகங்கள் இழுபட்டன.

ஒளிக்கசிவு பழைய கமராக்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான குறைதான். பின்கதவு பொருந்தும் தவாளிப்பிலும் பிணைச்சலின் பக்கத்திலும் ஒட்டியிருக்கும் மெல்லிய கறுப்பு ஸ்பொஞ், கமராவைத் தொடாமல் வைத்திருந்தாலும்கூட, காலப்போக்கில் சிதைந்து உருகிய தார் போல ஆகிவிடுகிறது. எங்கள் பகுதியின் வெக்கையும் மாரிகால ஈரப்பதனும் அதை இன்னும் விரைவாக்குகின்றன. உள்ளேயிருக்கும் கண்ணாடி மேலெழுந்து முட்டும் இடத்திலும் இதே ஸ்பொஞ்சின் கீற்று ஒன்று உண்டு. அது உதிர்ந்தால் கண்ணாடி உலோகத்தில் மோதுவதோடு துகள்கள், நாம் காட்சியைப் பார்க்கும் குவியத்திரையிலும் விழும். கடைக்காரப் பெரியவர் முதலில் ஷட்டர் சீலையைக் கடதாசியால் மறைத்தார். பின்னர் தடித்த ஈர்க்கொன்றின் நுனியைச் சீவி, அதை ஐசோபுரோபைல் அற்ககோலில் தொட்டுத் தொட்டுப் பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். உலோகக் கருவி எதையும் தவாளிப்புக்குள் விடவில்லை, ஒரு துளிகூடச் சீலையில் சிந்தவில்லை. இந்தப் பொறுமை எல்லாத் திருத்துநரிடமும் கிடைப்பதில்லை.

குறையொன்றையும் இங்கே சொல்லவேண்டும். கசடு எடுத்த இடத்தில் அவர் ஒட்டிய ஸ்பொஞ், வீட்டுக் கதவோரங்களில் ஒட்டும் தடித்த வகை. கதவை அழுத்தி மூடவேண்டியிருந்ததால், கொளுவி நாளடைவில் தேய்ந்துவிடும் என்று எனக்குப் பட்டது. அதைச் சுட்டிக்காட்டியபோது மறுபேச்சின்றி முழுவதையும் உரித்து, 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஸ்பொஞ்சை ஒட்டித் தந்தார். அதற்கெனத் தனியாகக் காசு கேட்கவில்லை. இருந்தாலும், பின்புறம் பசையுள்ள மெல்லிய கறுப்பு ஸ்பொஞ்சை நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஒடுங்கிய தவாளிப்புகளுக்குக் கறுப்புக் கம்பளி நூலும் போதும்.

ஒளிமானியில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. முன்பு கசிந்த பற்றரியின் பச்சை உப்பு, பற்றரி வைக்கும் கிண்ணத்தில் படிந்து, அங்கிருந்து போகும் மெல்லிய கம்பியையும் அரித்திருந்தது. வினாகிரியால் உப்பை நீக்கி, அற்ககோலால் துடைத்து, புதிய கம்பித் துண்டொன்றைப் பற்றுவைத்ததும் முள் அசைந்தது. இந்த வகைக் கமராவின் ஒளிமானிக்கு நிறுத்தும் சுவிச் கிடையாது என்பதால், வில்லைக்கு மூடியிட்டு வைத்தால்தான் அதிலுள்ள எல்ஆர்44 பொத்தான் பற்றரி நீடிக்கும் என்பதை அவர் எனக்கு நினைவூட்டியதையும் குறிப்பிடவேண்டும்.

மணிக்கூட்டுக்காரர் ஒருவரின் கை கமராவுக்கு எவ்வளவு உதவும் என்பதை நான் கண்டது மெதுவான வேகங்களைத் திருத்தும்போதுதான். ஷட்டரைத் தாமதப்படுத்தும் பற்சில்லுத் தொகுதியும் மணிக்கூட்டில் டிக் டிக் என்ற ஒலியை எழுப்பும் உறுப்பும் ஏறக்குறைய ஒரே முறையில் வேலைசெய்கின்றன. பழைய கிறீஸ் காய்ந்து பிசினானால் இரண்டுமே இழுபடும். ஆனால் மணிக்கூட்டுப் பழக்கத்தில் கமராவுக்குள் எண்ணெய் விட்டு அதைக் கெடுத்தவர்கள் உண்டு என்பதால், எனக்கு அவரிடத்திலும் அந்த அச்சம் இருந்தது. அதைச் சொன்னபோது அவர் கண்ணில் பொருத்தியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே, "தம்பி, மணிக்கூட்டுக்கு எண்ணெய் விடாட்டில் தேயும், இதுக்கை விட்டால் சீலையிலை ஊறும்" என்றார். அடித்தட்டைக் கழற்றி, எட்டிய பற்சில்லுகளை மட்டும் பென்சினால் கழுவி, உலரவிட்டு, பலமுறை இயக்கிப் பார்த்தார். எண்ணெய்ப் போத்தலைத் தொடவேயில்லை.

திருத்தத்தைச் சோதிக்க அந்தக் கடையில் தனிக் கருவி இல்லை, ஆனால் கைத்தொலைபேசியால் நாமே ஓரளவு பார்க்கலாம். பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, வெளிச்சமான சுவரை நோக்கி ஷட்டரை இயக்கி, விநாடிக்கு 240 சட்டங்கள் (தனிப்படங்கள்) எடுக்கும் காணொளியில் பதிவுசெய்தால், 1/30 விநாடி ஏறக்குறைய 8 சட்டங்களுக்குத் திறந்திருக்கவேண்டும். என் கமரா இப்போது அப்படித்தான் இருக்கிறது. 1/60க்கு மேற்பட்ட வேகங்களில் இரு சீலைகளுக்கும் நடுவே ஒரு கீற்று மட்டுமே திறந்தபடி ஓடுவதால் இந்த வழி உதவாது. அந்த வேகங்களைச் சரிசெய்யச் சீலையின் இழுவிசையை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டதற்கு, அளக்கக் கருவி இல்லாமல் அதில் கைவைக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்காகவே இவரை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

வேலையின் தரத்தை அறிய நான் பார்ப்பது திருகாணித் தலைகளைத்தான். ஜப்பானியக் கமராக்களின் நட்சத்திரத் திருகாணிகள் அந்நாட்டுத் தரநிலைப்படி வெட்டப்பட்டவை. சாதாரண நட்சத்திரத் திருப்புளி அவற்றில் முழுதாக அமராமல் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். இவரிடம் பொருத்தமான திருப்புளிகள் இருக்கின்றன. என் கமராவின் அடித்தட்டில் புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை.

வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்தவற்றையும், மின்சுற்றால் இயங்கும் கமராக்களையும், கடல்நீரில் விழுந்தவற்றையும் இவர் ஏற்பதில்லை. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கடைசியாகச் சொன்னதைக் கவனிக்கவேண்டும். எல்லாவற்றுக்குமாக நான் கொடுத்த கூலி 3000 ரூபா. செய்த வேலைக்கு அது குறைவு என்றே நினைக்கிறேன். மணிக்கூட்டு வேலைகளை முடித்த பின்பே கமராவைத் தொடுவார் என்பதால் அவசரக்காரருக்கு இந்தக் கடை சரிவராது. பற்றுச்சீட்டும் தருவதில்லை, கமராவின் தொடரிலக்கத்தைக் குறித்துவைத்துக்கொண்டு ஒப்படையுங்கள். ஒப்படைக்குமுன் பிலிமைத் திரும்பச் சுற்றும் பிடியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. அடியிலுள்ள பொத்தானை அழுத்தி, அதை முழுவதும் சுற்றியெடுத்த பின்பே பின்கதவைத் திறக்கவிடுங்கள்.