பெயின்ட் அடித்த பிறகு பார்த்துப் பயனில்லை: ஒரு 1966 மஸ்டாங்குக்கு நடந்தது

கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு மஸ்டாங் காரையோ செவ்ரோலே கமாரோவையோ ரெஸ்டோரேஷனுக்கு, அதாவது பழையபடி புதுப்பிக்க, விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி வேலை பார்க்கிற கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. வேலையைப் பார்த்தே ஆளை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டி, 1966 மஸ்டாங் கூப்பே. பேசிக்கொண்ட வேலை இதுதான்: வெறும் தகரம் தெரியும்வரை பழைய பெயின்ட்டை எடுப்பது, துருப்பிடித்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைப்பது, அதற்குமேல் நிறத்துக்குப் பேஸ் கோட், பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் கோட். அறுபது சதவீதம் முன்பணமாகக் கைமாறியது. ஐந்து மாதத்தில் முடியும் என்றது பதினான்கு மாதம் இழுத்தது. வண்டி வந்தபோது முகம் பார்க்கலாம் போல அப்படி ஒரு பளபளப்பு. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பின்சக்கரத்துக்குப் பின்னால், குவார்ட்டர் பேனல் என்கிற பின்பக்கவாட்டுத் தகரத்தின் கீழ் விளிம்பில் மிளகு அளவுக் கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பின. ஒன்றை நகத்தால் கீறியதும் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் இருந்த பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தும் பசை) ஈரமாக, செங்காவி நிறத்தில் பிசுபிசுத்தது.

இன்னொரு கடையில் வைத்துப் பிரித்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. அந்த இடத்தில் பட்டியின் கனம் 9 மில்லிமீட்டர். அதற்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரத் துண்டு, வெல்டிங் இல்லாமல் நான்கு பாப் ரிவெட் ஆணியில் நிற்கிறது. அதற்கும் அடியில் பழைய துரு ஓட்டை அப்படியே இருக்கிறது. பாலியெஸ்டர் பட்டியை 3 மில்லிமீட்டருக்கு மேல் போடக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெளிப்பக்கத்தைக் கிளியர் கோட் அடைத்துக்கொண்டாலும், உள்பக்கம் ஓட்டை வழியாகச் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. வெயில் பட்டதும் அந்த ஈரம் வெளியேற வழி தேடிப் பெயின்ட்டைத் தள்ளுகிறது. அதனால்தான் கொப்புளம் டெலிவரி அன்று தெரிவதில்லை. மாதங்கள் கழித்துத்தான் வருகிறது.

முறையான வேலை எப்படி இருக்கும்? துருவைத் தாண்டி நல்ல தகரம் வரும்வரை வெட்ட வேண்டும். புதுத் துண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு இன்ச்சுக்கு ஒரு பொட்டு வெல்டிங் வைத்து, இடம் மாற்றி மாற்றிச் சூடு ஆறவிட்டு நிரப்ப வேண்டும். ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் தகரம் நெளியும். அந்த நெளிவை மறைக்க மறுபடி பட்டி. பிறகு இரண்டு பக்கமும் துருத் தடுக்கும் எபாக்ஸி ப்ரைமர், மூட்டுகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர், உள்கூட்டில் துருத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வேக்ஸ். நாள் பிடிக்கும் வேலைதான். ஆனால் பில்லில் போட்ட தொகை இந்த வேலைக்கானது, ரிவெட்டுக்கானது இல்லை.

தரையில் நடந்தது இதைவிட மோசம். “ஃப்ளோர் பேன் மாற்றப்பட்டது” என்று பில்லில் தனி வரியே இருந்தது. உண்மையில் துருப்பிடித்த பழைய தரையை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகரத்தைப் போட்டு ஒட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, புதுசும் கீழிருந்து அரிக்கத் தொடங்கியிருந்தது. 65, 66 மஸ்டாங்கில் தரை ஏன் போகிறது என்று யோசித்திருந்தால் வேலையை வேறிடத்தில் ஆரம்பித்திருப்பார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கவுல் என்பது இரண்டு தகரங்களை ஸ்பாட் வெல்டால் இணைத்த ஒரு பெட்டி. அதன் ஜாலி (மேலே இருக்கும் காற்றுத் துளைகள்) வழியாக இலையும் மண்ணும் உள்ளே போய் அடைந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்றுத் துவாரத்தின் கழுத்து அரித்துப்போனால் மழைத் தண்ணீர் நேராகக் கால்மிதியில் இறங்கும். சோதிப்பது சுலபம்: டாஷ்போர்டுக்கு அடியில் ஒருவர் டார்ச்சோடு படுத்துக்கொள்ள, மற்றவர் ஜாலியில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட வேண்டும். சொட்டினால் கவுலைப் பிரித்தே ஆக வேண்டும். மட்கார்டு, கண்ணாடி எல்லாம் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்கிற வேலை என்பதால் பல கடைகள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கவுலைத் தொடாமல் தரையை மட்டும் மாற்றுகிறேன் என்று எஸ்டிமேட் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் சீம் சீலரால் பூசி அடைத்திருந்தார்கள். வெளியில் அழகாகத் தெரியும், உள்ளே குளம் கட்டும்.

பானட்டில் வேறு கோளாறு. விரிந்த தட்டையான தகரத்தில் மணல் பிளாஸ்டிங் அடித்தால் மேல்தோல் நீண்டு தகரம் அலையலையாகிவிடும். அப்படி ஆக்கிவிட்டு, பானட் முழுக்கப் பட்டி இழுத்து மூடியிருந்தார்கள். பானட், கூரை, கதவுத் தோல் இவற்றுக்கு ரசாயன ஸ்ட்ரிப்பரோ சாண்டரோதான் சரி. இந்தப் பானட்டில் பட்டியின் மேல் கனமாக அடித்த ஹை பில்ட் ப்ரைமரும் (சின்னக் கீறல்களை நிரப்பும் தடித்த ப்ரைமர்) காயாமலே தேய்க்கப்பட்டிருக்கிறது. ப்ரைமர் பிறகு சுருங்கும்போது, 80-ஆம் நம்பர் உப்புத்தாளின் கீறல்கள் கிளியர் கோட் வழியாகக் கோடுகோடாக மேலே தெரிந்தன. இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி, முழுசாகக் காய்ந்தபின் மேடு பள்ளம் காட்டும் கைடு கோட் தூவி 180, 320, 600 என்று பிளாக் வைத்துத் தேய்ப்பது என்ற வரிசையில் ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது.

வண்டியை எடுக்கப் போகும்போது ஒரு பெயின்ட் கனமானி கொண்டுபோங்கள். வெறும் தகரத்திலிருந்து நன்றாகச் செய்த வேலை பொதுவாக 200 முதல் 400 மைக்ரான் காட்டும். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி மலை இருக்கிறது என்று அர்த்தம். இந்த வண்டியின் குவார்ட்டர் பேனலில் பட்டியின் கனம் கருவியின் அளவையே தாண்டியதால் அது எண்ணே காட்டவில்லை. கருவி இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் போதும். பேனலின் நடுவில் ஒட்டி, கீழே வரவர வழுக்கினால் சந்தேகப்படுங்கள். டிக்கிக்குள் டார்ச் அடித்துக் குவார்ட்டர் பேனலின் உள்பக்கத்தையும் பாருங்கள், ரிவெட்டின் வால் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் கடைசி நாள் சோதனை. காசு காப்பாற்றப்படுவது அதற்கு முன்னால்தான். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: வெறும் தகரத்தை நேரில் பார்த்தபின் ஒரு பங்கு, வெல்டிங் முடிந்து எபாக்ஸி அடித்ததும் ஒரு பங்கு. தகரத்தைக் காட்டாமல் ப்ரைமர் அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கலிஃபோர்னியாவில் வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் தருவது கடையின் கடமை. கழற்றிய பாகங்களை வேலை கொடுக்கும்போதே கேட்டு வைத்தால் திருப்பித் தரவும் வேண்டும். வெட்டிய துருத் தகரத்தையும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். வெட்டவே இல்லை என்றால் தருவதற்கு அவர்களிடம் எதுவும் இருக்காது.

ஏற்கெனவே கொப்புளம் வந்துவிட்டதா? “கொண்டு வாங்க, டச்-அப் பண்ணித் தருகிறோம்” என்பார்கள். உடனே கொடுத்துவிடாதீர்கள். அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், கனமானியின் எண்களைக் குறியுங்கள், வேறொரு கடையில் ஒரு பகுதியை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். பில்லையும் அதையும் சேர்த்து, மாநிலத்தின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பீரோவில் புகார் கொடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை மீதி பட்டியை யாரும் தொட வேண்டாம்.