ஜெர்மனி மேற்படிப்பு: சேலத்து ஆலோசனை நிலையம் ஒன்றில் நாங்கள் ஏமாந்த விவரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறேன். மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பொறியியலில் பட்டம் பெற்ற என் மகளை ஜெர்மனியில் முதுகலை படிக்க வைப்பதற்காக, ஐந்து ரோடு பகுதியில் உள்ள ஓர் ஆலோசனை நிலையத்தை நம்பி, ஓராண்டையும் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயையும் இழந்தோம். பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப நினைக்கும் பெற்றோர் பணம் கட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மகள் தானாகவே இரண்டு படிப்புகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். ஒன்று ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் இன்ஃபோடெக். மற்றொன்று டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இன்ஃபர்மேஷன் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங். இரண்டும் ஆங்கிலவழிப் படிப்புகள். இரண்டு பல்கலைக்கழகங்களும் டி.யூ.9 எனப்படும் ஒன்பது முன்னணித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் இருப்பவை. எதற்கு முன்னுரிமை தருவது என்று தெளிவு பெறத்தான் அந்த நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்தவரோ, "ரெண்டும் ஒண்ணுதாங்க சார், எது கிடைச்சாலும் சரிதான்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, சேவைக் கட்டணம் அறுபதாயிரம் ரூபாய்க்கு ரசீது எழுதத் தொடங்கிவிட்டார்.

இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பின்னால் மகளே படித்துத்தான் தெரிந்துகொண்டோம். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 குளிர்காலப் பருவம் முதல் ஒவ்வொரு பருவத்துக்கும் 1,500 யூரோ கல்விக் கட்டணம் செலுத்த வேண்டும். நான்கு பருவங்களுக்கு 6,000 யூரோ ஆகிறது. டார்ம்ஸ்டாட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்தில் அப்படிப்பட்ட கட்டணம் இல்லை. பொதுப் போக்குவரத்துப் பயணச்சீட்டையும் உள்ளடக்கிய பருவப் பங்களிப்புத் தொகை மட்டுமே உண்டு. ஆனால் ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் மெர்சிடிஸ்-பென்ஸ், போர்ஷே, போஷ் ஆகியவற்றின் தலைமையகங்கள் இருக்கின்றன. வாகன மின்னணுவியலில் போக விரும்பும் பிள்ளைக்கு அந்தக் கட்டணம் தகும் என்று ஒரு தந்தை முடிவு செய்யலாம். டார்ம்ஸ்டாட்டிலோ ஐரோப்பிய விண்வெளி முகமையின் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. என் மகளின் நாட்டம் செயற்கைக்கோள் தொடர்பியலில் என்பதால், இந்த ஒரு தகவலே எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அறுபதாயிரம் வாங்கியவர் இதில் எதையும் சொல்லவில்லை.

அடுத்து ஏ.பி.எஸ். சான்றிதழ், அதாவது இந்தியாவில் பெற்ற கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தூதரகத்தின் கல்வி மதிப்பீட்டு மையம் தருவது. ஜெர்மனியில் படிக்கச் செல்லும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் இது கட்டாயம். இதன் கட்டணம் 18,000 ரூபாய். எங்களிடம் வாங்கியது முப்பதாயிரம்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது மின்னஞ்சல் விவகாரம். விண்ணப்பங்களுக்கென்று மகளின் பெயரில் ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியை அவர்களே உருவாக்கி, கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். "எல்லாருக்கும் இப்படித்தான் செய்றோம்" என்றதும் நாங்கள் கேள்வி கேட்கவில்லை. மாதங்கள் கடந்தன. இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை, இனி வருவதும் சந்தேகம் என்று சொல்லி, பெர்லினில் உள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் இடம் உறுதி என்றும், ஒரு வாரத்துக்குள் 1,000 யூரோ முன்பணம் கட்டாவிட்டால் அதுவும் போய்விடும் என்றும் அவசரப்படுத்தினார்கள். கட்டினோம்.

மனம் ஒப்பாமல் மகள் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் எழுதினாள். டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்த பதில், அனுமதிக் கடிதம் பதிவு செய்த முகவரிக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்டதென்றும், ஏற்றுக்கொள்வதற்கான கெடு முடிந்துவிட்டதென்றும் கூறியது. ஸ்டுட்கார்ட்டிலோ அவள் பெயரில் விண்ணப்பமே வந்திருக்கவில்லை. அந்தப் பதில்களைப் படித்துவிட்டு அவள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக முகவர்களுக்குத் தரகு கொடுப்பதில்லை. சேர்க்கும் ஒவ்வொரு மாணவருக்கும் தரகு கொடுக்கும் தனியார் நிறுவனங்கள் உண்டு. வெள்ளித் தொழிலில் இரு பக்கமும் தரகு வாங்குபவரை நாங்கள் பட்டறைக்குள் விடமாட்டோம். இங்கே மட்டும், "உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்?" என்று முதல் நாளே கேட்கத் தவறிவிட்டேன். நீங்கள் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் தவிர வேறெதையும் கொடுக்க விடாதீர்கள். படிப்பு எந்த மொழியில் நடக்கிறது, கட்டணம் எவ்வளவு, கெடு எப்போது என்பவை அனைத்தும் டி.ஏ.ஏ.டி. எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனமா என்பதை, ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களைப் பட்டியலிடும் ஹோக்ஷூல்கொம்பாஸ் (Hochschulkompass) இணையதளத்தில் பார்க்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சேவை அளிக்கப்பட்டுவிட்டது என்று கைவிரித்தார்கள். சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ரசீதுகளும் வாட்ஸ்அப் உரையாடல்களும்தான் எங்கள் சாட்சியங்கள். ஆகவே எதையும் அழித்துவிடாதீர்கள்.

இந்த முறை இரண்டு விண்ணப்பங்களையும் மகளே அனுப்பியிருக்கிறாள், டார்ம்ஸ்டாட்டை முதலில் வைத்து. பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.