முதலில் ஆர்.எஸ்.ஓ.வா, வின்ஸ் சான்றிதழா?

கடலூர் சிப்காட் பகுதியில் வெல்டிங் இணைப்புகளைக் கதிர்ப்படம் எடுப்பது என் வேலை. பயன்படுத்துவது இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள், களத்தில் அதை ‘சோர்ஸ்’ என்றே சொல்வோம். அதை அடைத்து வைக்கும் கேமராக்கள் பலவற்றில் கவசமே செறிவு நீக்கிய (டிப்ளீட்டட்) யுரேனியம்தான். அணுப்பொருள் கணக்கில் ஏறும் ஒன்றை ஜீப்பில் வைத்து நெய்வேலிவரை கொண்டுபோய்த் திரும்புகிறோம் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். அப்படி வந்த ஒரு தம்பி, இந்தத் துறையிலேயே வளர எதைப் படிக்கலாம் என்று கேட்டார். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு நின்றவன்.

தமிழில் எல்லாவற்றுக்கும் ‘பாதுகாப்பு’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ஆனால் சோர்ஸிடமிருந்து மனிதரைக் காப்பது ஒரு வேலை; மனிதரிடமிருந்து சோர்ஸைக் காப்பது இன்னொரு வேலை. ஆர்.எஸ்.ஓ. எனப்படும் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரிக்கான பயிற்சி முதலாவதில் ஊன்றி நிற்கிறது. வியன்னாவில் 2008-ல் தொடங்கிய வின்ஸ் எனப்படும் உலக அணுக்காவல் நிறுவனத்தின் அகாடமி இரண்டாவதைக் கற்றுத் தருகிறது.

கல்பாக்கத்தில் உள்ள, பார்க் எனப்படும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியையும் சிலர் கேட்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் அது இளம் பட்டதாரிகளுக்கானது; வேலையில் ஊறிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு மூடிவிட்டது. அணுமின் நிலையங்களுக்குக் காவல் நிற்கும் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையின் பாதையும் முற்றிலும் வேறு.

வின்ஸ் பாடங்களின் பெரிய வசதி, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது. கதிரியக்க சோர்ஸ்களின் காவலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. உள்ளே வேலை பார்ப்பவரே திருடினால் என்ன செய்வது, மேலாளரின் பொறுப்பு எதுவரை என்பதையெல்லாம் கேள்வியாக எழுப்பி யோசிக்க வைக்கிறது. அதன் தேர்வை நான் எழுதியதில்லை. புதுச்சேரியில் இருக்கும் நண்பரோடு உட்கார்ந்து அவருடைய பாடங்களை இரண்டு மாலை படித்ததுதான் என் அனுபவம். அந்த அளவில் சொல்கிறேன்: பாடம் தரமானது.

ஆனாலும் நான் தேர்ந்தெடுத்தது ஆர்.எஸ்.ஓ. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். வேலை மாறும்போது கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் காரணம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் வின்ஸ்தான் ஜெயிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கிறது. எங்கே போனாலும் கூடவே வரும். ஆர்.எஸ்.ஓ. ஒப்புதல் அப்படியல்ல. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, நிறுவனம்தான் உங்களை நியமித்து அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நீங்கள் விலகினால் அந்த ஒப்புதல் உங்களோடு வராது. புதிய நிறுவனம் வாரியத்தின் ஈ-லோரா இணையத் தளத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இதைக் கேட்டுத்தான் பலர் தயங்குகிறார்கள். நானும் தயங்கினேன்.

பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. ஆர்.எஸ்.ஓ. இல்லாத நிறுவனம் கேமராவை வைத்து வேலை செய்யவே முடியாது. எனவே ஒப்புதல் உங்களோடு வராவிட்டாலும், பயிற்சி முடித்தவரை அடுத்த நிறுவனம் தேடித்தான் ஆக வேண்டும். வின்ஸ் சான்றிதழ் எத்தனை நல்லதானாலும் அதைக் கேட்டு எந்த விதியும் இங்கே நிறுவனத்தை நிர்ப்பந்திப்பதில்லை.

அதைவிட முக்கியம், சொல்லுக்கு வரும் எடை. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சோர்ஸ் வைக்கும் குழியின் சாவி காவலாளி அறையில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். தேநீர் கொண்டுவருபவர்கூட எடுக்கலாம். சொன்னேன். “இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே” என்றார்கள். அடுத்த இடத்தில் ஆர்.எஸ்.ஓ.வாகச் சேர்ந்த முதல் வாரமே சாவிக்கு இரும்புப் பெட்டி, இரண்டு கையெழுத்து, நேரம் குறிக்கும் பதிவேடு என்று எல்லாம் வந்தன. சோர்ஸை எங்கே வைப்பது, எப்படிக் கொண்டுபோவது என்பதில் விதியே எனக்குப் பொறுப்புத் தந்திருந்தது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. 2010-ல் தில்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் பழைய கருவியை ஏலம் விட, உள்ளே இருந்த கோபால்ட்-60 காயலான் கடைக்குப் போய் ஓர் உயிரைக் குடித்தது. கணக்குக் கேட்க ஓர் ஆள் இல்லாமல் போனால் இதுதான் நடக்கும்.

பயிற்சியிலும் கை பழகுகிறது. போலி சோர்ஸைத் தரையில் போட்டு, நீண்ட இடுக்கியால் எடுத்து ஈயப் பெட்டிக்குள் இறக்கச் சொன்னார்கள். முதல் தடவை எனக்கு இடுக்கி நடுங்கியது. அந்த நடுக்கத்தைத் திரையில் படித்துப் போக்கிவிட முடியாது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆணியில் தொங்கிய சாவி தவறு என்று எனக்குத் தோன்றியது; அது ஏன் தவறு என்பதை முறையாக விளக்கியது நண்பரின் வின்ஸ் பாடம்தான். வெளிநாட்டு வேலை நோக்கம் உள்ளவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கூடுதலாக உதவக்கூடும். வளைகுடாவில் நான் வேலை பார்த்ததில்லை என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தம்பியிடம் ஆர்.எஸ்.ஓ.வுக்கே முதலில் தயாராகச் சொன்னேன். வின்ஸ் பாடத்தைப் பிறகு மாலை நேரங்களில் படிக்கலாம். அதற்குள் வேறு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனால், ஒப்புதல் பெற்ற ஆர்.எஸ்.ஓ. யார், சாவிப் பதிவேடு எங்கே என்று இரண்டையும் கேட்டுவிட்டே சம்பளம் பேசச் சொல்லியிருக்கிறேன்.