சுவர் நிறையச் சான்றிதழ், பதிவு எண் இல்லை

மெல்பர்னிலிருந்து மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தேன். மெட்ரோ, பத்திர வேலை, கல்யாணம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. தண்டையார்ப்பேட்டையில் ஒரு மாடியறையில் கழிந்த முக்கால் மணி நேரம்தான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

பிளஸ் டூ முடித்த என் தங்கை மகன் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. யாரோ சொன்னார்கள் என்று தங்கை அவனை ஒரு 'மனநல ஆலோசகரிடம்' சேர்த்திருந்தாள். நானும் உடன் போனேன். அவர் அறைக்கும் நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரைச்சீலை மட்டும்தான். "எந்தப் பெண்ணையாவது விரும்புகிறாயா?" என்று அவர் கேட்டது பெஞ்சிலிருந்த ஐந்து பேருக்கும் கேட்டது. பையன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

உள்ளே போய்ப் பதிவு எண் கேட்டேன். சுவரைக் காட்டினார். தங்க நிறச் சட்டத்துக்குள் நான்கு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். "இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்று கோபப்பட்டார்.

மெல்பர்னில் என் மனைவி பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்திருந்தபோது, அவள் பார்க்கவிருந்த உளவியலாளரின் பெயரைத் தேசியப் பதிவேட்டில் தேடினேன். பதிவு செல்லுமா, அவர்மேல் நிபந்தனை ஏதும் உண்டா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பதிவில்லாதவர் தன்னை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி மருத்துவ உளவியலாளர் மத்தியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த மனிதர் ஒரு அமர்வுக்கு வாங்குவதே 1,200! ஆனால் பலகையில் 'ஆலோசகர்' என்று எழுதிக்கொண்டால் எண்ணைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒரு சொல் போதும், தெருவே சிரிக்கும். 1794இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயரை நாமே வசைச்சொல்லாக்கி வைத்தோம். அந்தப் பயத்தில்தான் என் தங்கை திரைச்சீலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவளை நான் எப்படிக் குறை சொல்வேன்?

மறுநாள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனோம். நீண்ட வரிசை, வியர்வை, காத்திருப்பு. எங்கள் முறை வந்ததும் மருத்துவர் முதலில் என்னையும் தங்கையையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கை முன்பணமாகக் கட்டிய 6,000 ரூபாய் திரும்பி வரவில்லை. ரசீதில் 'டாக்டர்' என்ற பட்டம் உண்டு, கையெழுத்து உண்டு, பதிவு எண் இல்லை. அதைப் படம் எடுத்து வந்திருக்கிறேன். புகாரை இந்த வாரமே எழுதி அனுப்புகிறேன்.