டொரெவியேஹாவில் குளிர்கால வாடகை வீடு: ஜமுக்காளம் கொண்டு போனால் மூன்று நட்சத்திரம்

போன நவம்பர் 10 முதல் ஜனவரி 31 வரை, மொத்தம் 83 நாள், ஸ்பெயினில் டொரெவியேஹா என்ற கடலோர ஊரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். நமக்குக் கிடைக்கிற விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் கணக்கு, அதனால் ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டே திரும்பினேன். பவானியில் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஐரோப்பாவில் இருந்து "வாங்கம்மா, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரைப் பற்றிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வீட்டைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

மகனுக்கு அங்கே இருந்துகொண்டே வேறு நாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிற விசா. 2023இல் வந்த ஏற்பாடு அது. அவனும் மருமகளும் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு ஃபிளாட் பிடித்திருந்தார்கள். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, நாலு நிமிடம் நடந்தால் கடல். மாதம் 580 யூரோ. ஆகஸ்டில் இதே வீட்டுக்கு வாரத்துக்கே அந்தப் பணம் கேட்பார்களாம். சீசன் ஒப்பந்தம் என்பதால் இரண்டு மாத வாடகை அட்வான்ஸ், அந்த ஊர்ச் சட்டமே அப்படித்தான். சென்னையில் பத்து மாதம் கொடுத்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

விளம்பரத்தில் போட்டிருந்த படம் எல்லாம் வெயில். பால்கனி, வெள்ளைச் சுவர், நீச்சல் குளம். நான் போய் இறங்கியபோது குளத்தில் தண்ணி இல்லை, மூலையில் காய்ந்த இலை. அது போகட்டும், குளத்தில் குதிக்கவா போனேன்? வீட்டுக்குள் காலை வைத்ததும்தான் விஷயம் புரிந்தது. அது ஜூலைக்குக் கட்டிய வீடு. தரை முழுக்க டைல்ஸ், ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, ஜன்னலுக்கு மேலே ஷட்டர் சுருளுகிற பெட்டியில் இருந்து சில்லென்று காற்று. பார்வை வடக்கே, அதனால் ஒரு பொட்டு வெயில் உள்ளே வராது. ஜனவரியில் வெளியே பகலில் 17 டிகிரி, நடந்தால் சுகமாக இருக்கும். வீட்டுக்குள் 14. வெளியே போகும்போது ஸ்வெட்டரைக் கழற்றி, உள்ளே வரும்போது போட்டுக்கொண்டேன். ஊட்டியில் கூட நான் இப்படிச் செய்ததில்லை.

பெட்டியில் இரண்டு ஜமுக்காளம் கொண்டு போயிருந்தேன். "அங்கெல்லாம் எதுக்குங்மா, சிரிப்பாங்க" என்றான் மகன். நாங்கள் தறிக்கார வீடு, வெறுங்கையோடு ஒறம்பரை போகிற வழக்கம் இல்லை. முதல் நாள் ராத்திரியே ஒன்றைக் கட்டிலில் இருந்து பாத்ரூம் வாசல் வரைக்கும் நீளவாக்கில் விரித்தேன். சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது, கெட்டி நூல், இரண்டு பேர் இழுத்தாலும் கிழியாது. விடியற்காலை எழுந்து காலை அதில் வைத்தால் காலுக்கு உயிர் வரும். அதைத் தாண்டி அரை அடி டைல்ஸில் பட்டால் குதிகால் வழியாக மண்டை வரை ஏறும். மூன்றாம் நாள் மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எங்கே சிரிப்பது.

அடுத்தது கரண்டு. ஹாலில் மட்டும் ஒரு ஏசி, அதையே திருப்பிப் போட்டால் சூடு வரும். ஆனால் அங்கே வீட்டுக்கு இத்தனை கிலோவாட் என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு 3.45. ஏசி ஓடும்போது வாஷிங் மெஷினைப் போட்டு, மருமகள் கெட்டிலையும் தட்டிவிட்டால் பட்டென்று மொத்தமும் அணைந்துவிடும். பொடக்காலியில் மோட்டார் போட்டால் வீட்டில் லைட் மங்குகிற காலம் நினைவுக்கு வந்தது. நேரத்துக்கு ஒரு விலை வேறு. வார நாளில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் விலை உச்சம். நள்ளிரவில் இருந்து காலை 8 வரையும், சனி ஞாயிறு முழுக்கவும் மலிவு. நூறு யூனிட் இலவசம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுக் கணக்கு. நான் துணி துவைப்பது, மாவு அரைப்பது எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டேன்.

அடுப்புக்கும் வெந்நீருக்கும் ஒரே ஆரஞ்சு நிற சிலிண்டர். நம்முடையது 14.2 கிலோ, அது 12.5. தலையில் சீயக்காய் போட்டிருக்கும்போது தீர்ந்துபோனது என்றால் அன்றைக்குப் பட்ட வெசனத்தைச் சொல்லி மாளாது. வீடு பார்க்கப் போகிறவர்கள் கடல் தெரிகிறதா என்று கேட்பதை விடுங்கள். எந்தப் பக்கம் வெயில் விழும், எத்தனை கிலோவாட், தண்ணி எதில் காய்கிறது, இந்த மூன்றையும் கேளுங்கள்.

எங்கள் கட்டடத்தில் 24 வீடு, ராத்திரி லைட் எரிவது ஐந்தில். மற்றதெல்லாம் ஷட்டர் இறக்கியே கிடந்தது. ஜனவரியில் விடியவே எட்டேகால் ஆகும். நாலரைக்கு எழுந்து பழகிய உடம்பு, என்ன செய்வது? இருட்டில் உட்கார்ந்து கொள்ளு ரசம் வைத்துவிட்டு, வெளுத்ததும் கடற்கரைக்குப் போவேன். பெஞ்சில் இங்கிலாந்துப் பெரியவர் ஒருவர் அரைக்கால் சட்டையோடு இருப்பார். பக்கத்தில் ஊர்க்காரர்கள் கம்பளிக் கோட்டில். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து விலகிய பிறகு அவர்களுக்கும் அதே 90 நாள் கணக்குதானாம், பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து நாளை எண்ணுகிறார். வெள்ளைக்காரரும் நானும் ஒரே வரிசையில் நாள் எண்ணியது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ஏரி இருக்கிறது என்று கூட்டிப் போனார்கள். எனக்குச் சாயப்பட்டறைத் தண்ணிதான் ஞாபகம் வந்தது. அப்படி இல்லை, உப்பில் வாழ்கிற பாசியும் நுண்ணுயிரும் தருகிற நிறம். அங்கே இன்னும் உப்பு எடுக்கிறார்கள், இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை.

சாப்பாட்டுக்கடை பற்றிச் சுருக்கமாக: கறி வேண்டாம் என்றால் மீன் போடுவார்கள். காய்கறி சாலட் கேட்டாலும் மேலே சூரை மீன் உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆரஞ்சுப் பழம் வாங்குங்கள், அது போதும்.

இந்த வீட்டில் உண்மையிலேயே சூடான இடம் கீழ்வீடு. அங்கே ஒரு ஸ்பெயின் அம்மாள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் ஒரு வட்ட மேசை. தரை வரை தொங்குகிற கனத்த துணி, அதற்குள்ளே கீழ்ப்பலகையில் ஒரு சின்ன ஹீட்டர். முன்னே அந்த இடத்தில் தட்டில் கரி கங்கு வைப்பார்களாம். எல்லோரும் துணிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார வேண்டியது. அடைகாக்கிற கோழிக்கு அடியில் காலை வைத்த மாதிரி இதம். ஏசி தின்கிற கரண்டில் பாதி கூட ஆகாது. அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது, சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கினால் எட்டுக்குத்தான் மேலே வருவேன். வருடக் கடைசி ராத்திரி மணி பன்னிரண்டு அடிக்கும்போது அடிக்கு ஒரு திராட்சை சாப்பிட வைத்தார். அந்த மாவட்டத்துத் திராட்சை, கொடியிலேயே குலைக்குக் காகிதப் பை மாட்டி வளர்ப்பது. ஏழாவது பழத்துக்கே எனக்கு மூச்சு முட்டியது. கிளம்பும்போது இரண்டாவது ஜமுக்காளத்தை அவர் மேசைக்குக் கீழே விரித்துவிட்டு வந்தேன்.

கடைசி நாள் வீட்டைச் சரிபார்க்க ஏஜென்ட் வந்தார். ஷவரில் உப்புப் படிந்திருக்கிறது, அட்வான்ஸில் 60 யூரோ பிடிப்பேன் என்றார். உப்பு ஊரில் தண்ணிக்கு நானா உப்புப் போட்டேன்? மகன் பேசாமல் நின்றான். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, படுக்கையறையில் விரித்திருந்ததைக் காட்டி, இதை விட்டுவிட்டுப் போகிறீர்களா, அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும் என்றார்.

"அறுபது யூரோன்னு சொல்லு கண்ணு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு முழு அட்வான்ஸையும் எழுதிக் கொடுத்தார். பவானியில் அது என்ன விலை என்று மகன் வாயைத் திறக்கவில்லை.